ஒரு துளி உறை

புறநானூற்றின் 276ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது கடந்த சில ஆண்டுகளாக ஒரு சிக்கல் நேர்கிறது. மதுரைப் பூதன் இளநாகனார் பாடிய சிறு பாடல் அது. நரைத்து மூத்த தாயொருத்தியின் மகன், போர்க்களத்தில் தனியொருவனாக நின்று பகைவர் படை முழுவதையும் நிலைகுலையச் செய்கிறான். அதற்குப் புலவர் கண்ட உவமை ஆயர் வீட்டுப் பால்குடம். இளம்பெண் ஒருத்தி நகத்தால் தெறித்த துளி உறை குடம் நிறைந்த பாலை மாற்றிவிடுவதுபோல, அவன் ஒருவனே அப்படைக்கு நோயானான் என்கிறார். அருஞ்சொல் அதிகம் இல்லாத பாடல். ஆயினும் மாணவர் யாரேனும் எழுந்து கேட்டுவிடுகின்றனர்: "மேடம், உறைன்னா என்ன?"

அவர்கள் அறிந்த உறை, கடையில் தயிரை அடைத்து விற்கும் நெகிழி உறைதான். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. விடுதியில் வளரும் பிள்ளைகள் இரவில் பால் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றுவதை எங்கே காண்பார்கள்? உறைமோர் என்றும், தெற்கே பிரை என்றும் சொல்லி விளக்கிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அந்த உவமை என்னைக் கடக்கவிடவில்லை. அறிவியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு விடைபெற்ற பாடம். ஆகவே எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறை நண்பர் ஒருவரைப் பல மாலைகள் தொல்லை செய்து கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். இஃது ஆய்வுக் கட்டுரை அன்று. ஒரு சொல்லின் பின்னால் நடந்துபோனவளின் குறிப்புகள் என்று கொள்க.

*

உறைதல் என்னும் சொல்லுக்குத் தங்குதல் என்றும் இறுகுதல் என்றும் இரு பொருள்கள் உண்டு. பாலில் சில உயிர்கள் உறைகின்றன; அதனால் பால் உறைகிறது. சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இதைத் தற்செயல் என்று தள்ளக்கூடும். தள்ளட்டும். நடப்பது என்னவோ அதுதான்.

நண்பர் விளக்கியபடி நிகழ்வு இவ்வாறு. உறைமோரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உள்ளன. பாலிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை அவை வெளியிடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருக்கும் கேசின் என்னும் புரதம் அந்த நிலையை இழந்து ஒன்றோடொன்று பின்னி வலையாகிறது. நீரும் கொழுப்பும் அவ்வலைக்குள் சிறைப்படுகின்றன. அதுவே தயிர். இதமான சூட்டில் இவ்வுயிர்கள் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பொழுதில் இரட்டிக்கக் கூடியவை. பத்து முறை இரட்டித்தால் ஏறத்தாழ 1000 மடங்கு. துளி குடத்தை வெல்லும் கணக்கு இதுதான். நொதித்தலில் உயிர்களுக்குப் பங்குண்டு என்பதை லூயி பாஸ்டர் 1857இல் லாக்டிக் அமில ஆய்வின்வழி காட்டினார். பல்கேரியத் தயிரிலிருந்த உயிரை 1905இல் அந்நாட்டு மாணவரான ஸ்டாமென் கிரிகோரோவ் ஜெனீவாவில் கண்டறிந்தார். நம் ஆய்மகளுக்கோ இவை எவையும் தேவைப்படவில்லை. விளைவை அவள் அறிந்திருந்தாள். எவ்வளவு என்னும் அளவையும் அறிந்திருந்தாள்.

என் அம்மாவும் அப்படித்தான். "ஒரு சொட்டுப் போதும்டி, கூட விட்டா விடியறதுக்குள்ள புளிச்சுப் போயிடும்" என்பார். எங்கள் தெருவில் எந்த வீட்டில் உறை தீர்ந்தாலும் கிண்ணம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். விளக்கு வைத்த பிறகும் வெள்ளிக்கிழமையும் தரமாட்டார். மற்ற நேரமெல்லாம் தருவார். எங்கள் வீட்டுத் தயிரே ஒருமுறை கெட்டபோது, எதிர்வீட்டிலிருந்து அந்த உறையே திரும்பி வந்தது. ஓர் உயிரினம் தெருவெங்கும் பரவி, அழியாமல் தன்னைக் காத்துக்கொண்ட வழி இது என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கிண்ணப் பரிமாற்றத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

இட்லி மாவின் கதை சற்று வேறு. அங்கே யாரும் உறை ஊற்றுவதில்லை. லியூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்னும் பாக்டீரியாவே மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையானது என்றும், அது பெரும்பாலும் உளுந்தோடு கூடவே வருவது என்றும் நண்பர் சொன்னார். அது வெளியிடும் கரியமில வாயுவே மாவை உப்பவைக்கிறது. அரைத்த மாவு இரவெல்லாம் தனிமையில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அங்கே நடப்பதோ ஒரு திருவிழா.

*

உளுந்தைப் பற்றிச் சொன்னதும் வயல் நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பக்கத்து வயல்களில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னரே, நிற்கும் நெற்பயிருக்கு இடையே உளுந்தையும் பயற்றையும் தூவிவிடுவார்கள். அறுவடைக்குப் பின், மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அவை வளரும். என் சித்தப்பா விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் புரட்டி, வேளாண்மைத் துறை தரும் ரைசோபியம் பொட்டலத்தின் கரிய தூளைக் கலந்து, நிழலில் உலர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் வைத்தால் கலந்த உயிர் செத்துவிடும் என்பார். அதுவும் ஓர் உறை ஊற்றுதலே. இங்கே மண்தான் குடம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் எந்தப் பயிரும் அதை நேரே உண்ண முடியாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதைப் பிடித்து உணவாக்கித் தருகின்றன. இதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் அறிவித்தனர். இரண்டாண்டு கழித்து டச்சு அறிஞர் பையெரிங்க் அவ்வுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்ய ஏறத்தாழ 400 பாகை வெப்பமும், காற்று மண்டலத்தைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். உளுந்து வேரிலோ அது சேற்றின் குளிர்ச்சியில் ஓசையின்றி நடக்கிறது.

சித்தப்பா ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டுவார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். நம் குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான பொருளின் உறவுக்காரப் பொருள் அங்கும் இருக்கிறது. யூரியாவை மிகுதியாக இட்டுவந்த வயலில் இம்முடிச்சுகள் குறைந்துவிடும். கேளாமலே உணவு கிடைக்கும்போது செடி விருந்தாளியை உள்ளே அழைப்பதில்லை. எவ்வளவு மனிதத்தனமான வழக்கம்!

கழிவுநீரும் இக்கூட்டத்தின் கைக்கு வந்தே தூய்மையாகிறது. ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் மான்செஸ்டரில் 1914இல் அறிவித்த முறை எளியது: கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் அங்குள்ள நுண்ணுயிர்களே அழுக்கை உண்டு தீர்க்கும், அடியில் தங்கிய சேற்றில் ஒரு பகுதியை அடுத்த தொட்டி நீரில் கலந்தால் வேலை விரைவாகும். நேற்றைய மோரை இன்றைய பாலில் விடும் அதே அறிவு.

*

நம் இலக்கியத் திறனாய்வில் மண்வாசனை என்றொரு சொல் புழங்குகிறது. முதல் மழையில் எழும் அந்த வாசனையை உண்டாக்குவதில் பெரும்பங்கு வகிப்பவை ஸ்டிரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள். அவ்வாசனைப் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். இதை அறிந்தபின் எந்தக் கரிசல் கதையைப் படித்தாலும் எனக்கு முறுவல் வந்துவிடுகிறது. ஆனால் முறுவலோடு நிற்கும் செய்தி அன்று இது. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர் இந்த இனத்திலிருந்தே ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயை வென்ற முதல் எதிர்மருந்து அது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஆண்டுகள் வலிப்பவை. புதுமைப்பித்தன் காசநோயால் 1948 ஜூன் 30 அன்று மறைந்தார். அகவை 42. ஸ்டிரெப்டோமைசினின் பயனை உறுதிசெய்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வின் முடிவு அதே ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. இடையில் நான்கே மாதங்கள். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் ஏழை நோயாளிகளும், மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைகின்றனர் என்று 1959இல் அம்மையம் உலகுக்குக் காட்டியது. மண்ணின் சிற்றுயிர் ஒன்றின் கொடை எத்தனை வீடுகளில் விளக்கைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தக் கொடையை நாம் என்ன செய்தோம் என்பது அடுத்த கேள்வி.

*

சென்ற ஆண்டு அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. மூன்றாம் நாளும் குளிர்காய்ச்சல் விடாததால், சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார் மருத்துவர். வந்த தாளில் ஈ.கோலை என்றும், அதன்கீழ் 16 மருந்துகளின் பெயர்களும், ஒவ்வொன்றின் எதிரே ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி கட்டுப்படும்; ஆர் என்றால் கட்டுப்படாது. 12 இடங்களில் ஆர். தேர்வுத் தாள்களையே திருத்திப் பழகிய கண்களுக்கு அது ஒரு தோல்விப் பட்டியலாகத் தெரிந்தது, தோற்றவை மருந்துகள். எஞ்சிய நான்கில் ஒன்றை ஊசிவழியாகப் பத்து நாள் செலுத்த வேண்டியிருந்தது. அந்நாட்களில் அம்மா கேட்ட கேள்வி ஒன்றே: "இத்தனை மருந்து இருக்குங்கிறாளே, எனக்கு மட்டும் ஏண்டி ஒண்ணும் கேக்கலை?"

நண்பரிடம் அதைக் கேட்டேன். ஈ.கோலை வெளியிலிருந்து வந்த பகை அன்று. நம் அனைவர் குடலிலும் உறைவதே. மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அது நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையோடு ஏறக்குறைய ஒப்பது. அவற்றில் ஒன்று இடம் மாறினால் நோய். எதிர்மருந்தை விழுங்கும்போதெல்லாம் வலுவற்றவை மடிகின்றன. எதிர்க்கும் ஆற்றலுள்ளவை எஞ்சிப் பெருகுகின்றன. இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. எதிர்க்கும் ஆற்றலைத் தரும் மரபுக்குறிப்பு, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் ஏறி ஒரு பாக்டீரியாவிடமிருந்து பக்கத்து பாக்டீரியாவுக்கு, வேற்றினத்துக்குங்கூட, கைமாறுகிறது. எங்கள் தெருவில் உறைக் கிண்ணம் போய்வந்ததைப் போல. அங்கே வெள்ளிக்கிழமைத் தடைகூடக் கிடையாது.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு அம்மாவிடம் மட்டும் விடையில்லை. காய்ச்சலென்றால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பொது. சளிக்கும் அதே மாத்திரை. பெரும்பாலான சளி வைரசால் வருவது என்பதால் அங்கே அதற்கு வேலையே இல்லை. கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடும் எதிர்மருந்து சென்றது. கடைசிப் புகலிடமான கொலிஸ்டினை உணவுக்கான விலங்கு வளர்ப்பில் பயன்படுத்த 2019இல்தான் இந்தியாவில் தடை வந்தது. முக்கியமான எதிர்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் எச்1 விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் தெருக் கடையில் அப்பதிவேடு எப்போதேனும் திறக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே, அரைகுறை அளவில் உண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தவர். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எதிர்ப்பாற்றல் புதியதன்று. 30,000 ஆண்டு உறைபனி மண்ணிலேயே அதன் மரபணுக்களைக் கண்டிருக்கிறார்கள். தம்முள் போரிட்டுக்கொண்ட மண்ணுயிர்கள் வாளையும் கேடயத்தையும் ஒருங்கே செய்துவந்தன. வாளை நாம் எடுத்துக்கொண்டு கண்டபடி வீசினோம். கேடயம் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

அம்மா தேறிவிட்டார். கிருமி முற்றிலும் போய்விட்டதா என்று கேட்டதற்கு நண்பர், "போகாது மேடம். குடலில் இருக்கும், மற்றவை பெருகினால் அது சிறுபான்மையாகும். இனி மருந்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது" என்றார். இளநாகனாரின் உவமையில் நோய் என்ற சொல்லைத் துன்பம் என்றே உரை சொல்லிக் கடந்துவந்தேன். பொருள் அதுதான். ஆயினும் தயிராக்கும் உறைக்கும் படையை வீழ்த்தும் நோய்க்கும் ஒரே இலக்கணத்தை வகுத்துவிட்ட அந்தப் புலவரை இப்போது கூடுதலாக மதிக்கிறேன். துளி சிறிது என்பது ஒரு பொருட்டன்று. அதை எந்தக் குடத்தில், எவ்வளவு தெறிக்கிறோம் என்பதே கேள்வி. ஆய்மகள் தன் நகத்தின் அளவை அறிந்திருந்தாள்.