பெயரும் ஓர் அளவையே

சாரல் ஆய்க்குடி வரை வந்து முகத்தைத் தொட்டுச் சென்ற ஓர் ஆனி மாலை. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். தென்காசியில் சிறு துணிக்கடை வைத்திருக்கும் என் தமக்கை மகன் ஒரு தாளோடு வந்தான். துபாயிலிருந்து அவன் வரவழைக்கும் ஜுப்பாக்களுக்கு விற்றவர் அரபியில் எழுதிய விலைப்பட்டியல் அது. அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும் என்றான்.

"ஒன்றே ஒன்று மாமா. 'ஆடை' என்று எழுத வேண்டாம். 'பருத்தித் துணி' என்று எழுதிவிடுங்கள். வரி குறையும் என்று முகவர் சொல்கிறார். சட்டையையும் நாம் துணி என்றுதானே சொல்கிறோம்?"

அவன் கூற்றில் தமிழ் இருந்தது. பெருநாளைக்குத் துணி எடுத்தாயிற்றா என்றுதான் நாமும் கேட்கிறோம். சொல்லோடு பழகியவனாதலால், அந்த ஒரு சொல்லை வைத்து வாதாடிப் பார்க்கும் ஆசை எனக்கும் சற்று எழுந்தது, மறைப்பானேன்? அவனோ கடன் வாங்கி முதல் போட்டவன். "தாள் இருக்கட்டும், காலையில் வா" என்றேன்.

அன்றிரவு வழக்கறிஞரான நண்பரிடம் சுங்கத் தீர்வை அட்டவணையை வாங்கி வந்து படித்தேன். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள அவ்வட்டவணை, 1986-இல் உலகப் பொது முறைக்கேற்பத் திருத்தியமைக்கப்பட்டது. 50 முதல் 63 வரையுள்ள அத்தியாயங்கள் நெசவுப் பொருள்களுக்கு உரியவை. பின்னலாடை 61-இல், நெய்த துணியில் தைத்த ஆடை 62-இல். வேட்டியும் சேலையும் நம் பக்கத்தில் சாரம் என்று சொல்லும் லுங்கியும் பருத்தியில் நெய்து தையலின்றி வருவதால், 52-ஆம் அத்தியாயத்தில் துணி வகையிலேயே பெயர் சுட்டப்பெற்றுள்ளன. ஊசி ஏறி உருப்பெற்ற ஜுப்பாவுக்கு அங்கே இடமில்லை. நூல் கலப்பாயின், எடையில் மிகுந்த நூலே பெயர் பெறும். முன்புறத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படிந்து மூடினால் ஆணாடை. வலப்பக்கம் மேலே படிந்தால் பெண்ணாடை. வெட்டைக் கொண்டும் அறிய இயலாதது பெண்ணாடைத் தலைப்பில் சேரும். பழைய ஆடை என்று சொல்வதற்கும், அணிந்து தேய்ந்த அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொதியாகவோ மொத்தமாகவோ வர வேண்டும்.

படிக்கப் படிக்க, மதரஸாவில் மன்திக் பாடம் ஓதிய நாட்கள் நினைவில் எழுந்தன. ஒரு பொருளுக்குக் கூறும் இலக்கணத்தைத் தஅரீஃப் என்போம். அது ஜாமிஃ ஆகவும் மானிஃ ஆகவும் இருக்க வேண்டும் என்பார் எங்கள் உஸ்தாத். அதாவது, உரியவை அனைத்தையும் உள்ளே சேர்க்க வேண்டும். உரியதல்லாதவற்றை வெளியே நிறுத்த வேண்டும். 'டாரிஃப்' என்று சுங்கத்தார் வழங்கும் சொல்லும், அறிவித்தல் என்னும் பொருளுடைய அதே அரபி வேரினின்று இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றதே. ஆக, வரி பின்னே வருகிறது. அறிவித்தல் முன்னே நிற்கிறது. அறிவித்தலோ சாட்சியம். சாட்சித் தாளை எழுதப் போகும் கை என்னுடையது.

வரி பாரமில்லை என்று நான் சொல்லவில்லை. 2018-இல் பல ஆடை வகைகளுக்கு அடிப்படைத் தீர்வை 20 விழுக்காடாக உயர்ந்தபோது சிறு வணிகர் தவித்ததை அறிவேன். பாரத்தைக் குறைக்குமாறு அரசிடம் கேட்பது உரிமை. பொருளின் பெயரையே மாற்றிவிடுவது வேறு. அதில் நட்டப்படுவது அரசு மட்டுமா? அதே தெருவில் உள்ளபடி அறிவித்து, முழுவரி கட்டி, அதே ஜுப்பாவை விற்கும் இன்னொரு கடைக்காரனுமல்லவா?

காலையில் வந்தவனிடம் தாளைக் கொடுத்தேன். 'ஆண்கள் அணியும் தைத்த ஆடை, நெய்த துணி, பாலியெஸ்டர் 60, பருத்தி 40' என்று அரபியில் உள்ளபடியே எழுதியிருந்தேன். படித்தான், முகம் வாடியது.

"முதலுக்கே மோசம் வந்துவிடும் மாமா."

"அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் சூராவைச் சிறுவயதில் என்னிடம்தானே ஓதினாய்? பெயரும் ஓர் அளவைதான் மருமகனே" என்றேன்.

வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனான். தமக்கையும் பல நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. "உன் கிதாபுகளுக்கு என் பிள்ளையின் கடைதான் கிடைத்ததா?" என்று ஒருமுறை கேட்டாள். அவள் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தச் சரக்கில் அவனுக்குக் கிடைத்த ஆதாயம் மிகச் சிறிது என்று பிறர் வாயிலாக அறிந்து, உறங்காத இரவுகளும் உண்டு.

ரமளான் பிறக்கச் சில நாட்கள் இருக்கையில் மீண்டும் வந்தான். கையில் புதிய விலைப்பட்டியல். இம்முறை அபாயாக்கள். திண்ணையில் என்னருகே அமர்ந்து, தாளை விரித்து, விரலை ஒரு வரியில் வைத்தான்.

"இது மேலங்கியா, நீள் அங்கியா மாமா? எந்தத் தலைப்பில் போகும்? சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

உள்ளே திரும்பி, இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னேன்.