ஆறாவது குழாய்

"மண் பாக்டீரியாவில் அகர் தட்டில் முளைப்பது நூற்றில் ஒன்றுதானே சார், அதை எண்ணி என்ன ஆகப்போகிறது?" என்று ஓர் இளம் ஆய்வாளர் கேட்டதிலிருந்து, ஸ்ரீவராகத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் அந்த மண் நுண்ணுயிரியல்காரருக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. ஜோன்சும் மோலிசனும் 1948-லேயே மண்ணை அகரில் கலந்து, 0.1 மில்லிமீட்டர் படலமாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணியவர்கள். தட்டு காட்டுவதைவிடப் பல மடங்கு அதில் தெரிந்தது. ஆனால் ரைசோபியம் உரப் பொட்டலத்தில் கிராமுக்கு ஐந்து கோடி உயிருள்ள செல்லாவது இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த ஐந்து கோடியைச் சொல்வது தட்டுதான்.

அவரைப் பொறுத்தவரை வித்தை முழுவதும், குழாய்க்குக் குழாய் பத்து மடங்காகப் போகும் நீர்த்தலில் இருக்கிறது. ஒரு மண்துகளில் ஒட்டிய நூறு பாக்டீரியாவும் ஒரே காலனியாகத்தான் எழும். ஆகவே குலுக்கு, இன்னும் குலுக்கு. நிறுத்தினால் கனத்த துகள் அடியில் உட்கார்ந்துவிடும். கலங்கல் சுழலும்போதே நடுவிலிருந்து உறிஞ்ச வேண்டும். குழாய்க்கொரு பிப்பெட். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒரே பிப்பெட்டோடு ஆறாவது குழாய்வரை போனவரின் தட்டுகளை எண்ணவே விடமாட்டார். அப்படியே ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிடுவார். முதல் குழாயில் பிப்பெட்டின் சுவரில் ஒட்டிய துளி ஆறாவதில் என்ன செய்யும் என்று கேட்பார், பதிலுக்கும் காத்திருக்கமாட்டார்.

இன்றைக்கு? தட்டில் மூன்றே காலனி. பத்து லட்சத்தால் பெருக்கி, முப்பது லட்சம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். இன்னொரு தூசி விழுந்திருந்தால் நாற்பது லட்சம்! முப்பதுக்குக் குறைந்த தட்டை நம்பக் கூடாது என்பது பழைய பாடம். இடவப்பாதி மழையில் ஊறிய மண்ணை அப்படியே நிறுத்து, 105 டிகிரியில் உலர்த்தி ஈரத்தைக் கழிக்காமலே ஜனவரி மண்ணோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. பாசில்லஸ் மைக்காய்டஸ் வேர்போலத் தட்டெங்கும் படர்ந்திருந்தாலும், ஓரத்தில் தெரிவதை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.

தட்டுக்குப் பதிலாக இவர்கள் நம்பும் டிஎன்ஏ வரிசை யார் யார் என்று சொல்லும், தலைக்கணக்கு சொல்லாது. செத்ததன் டிஎன்ஏவும் அதில் சேரும். கியூபிசிஆர் எண் தரும்தான். அது மரபணுப் பிரதிகளின் எண், ஒரே பாக்டீரியாவில் அவை பல இருக்கலாம்.

மைக்ரோபிப்பெட்டின் மெல்லிய நுனியில் மண்துகள் அடைத்துக்கொள்ளும். நுனியை வெட்டி அகலமாக்கிச் சுத்திகரித்துக்கொள்ளுங்கள் என்றார். நேரமில்லை என்றார்கள். வரிசை முடிவுக்கு மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்களே என்பது அவர் குறை.