புலிக்காலும் பாம்புடலும்

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்ததும் எங்கள் அறையில் நாலு பேர் பகடையோடு உட்கார்ந்துவிடுவோம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதாபாத்திர விளையாட்டுதான். 1974-இல் அது வந்தபோது ஆடுபவர் எடுக்கக்கூடிய இனங்கள் மனிதர் போக எல்ஃப், குள்ளர், ஹாபிட். டோல்கீன் தரப்பு முறைத்ததும் ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது. பிறகு வந்த பல விளையாட்டுகளில் புது இனம் என்றால் அதே எல்ஃபுக்குக் காதை இன்னும் கொஞ்சம் நீட்டிவிடுவதுதான்.

நமக்கு எதற்கு இரவல்? பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே கூத்தனின் ஆட்டத்தைக் கண்டவர்களில் ஒருவர் வியாக்ரபாதர். வண்டு தொடாத பூவைப் பறிக்க இருட்டிலேயே மரமேற வேண்டும். அதற்காகவே புலிக்காலும் நகமும் கேட்டு வாங்கியவர். தேவையிலிருந்து பிறந்த உடம்பு! இனத்துக்கு ‘பலம் கூட்டல் இரண்டு’ என்று போடுவதைவிட இது எவ்வளவு மேல். எங்கள் விதிப்படி புலிக்காலர் வழுக்கு மரத்திலும் ஏறுவார். ஆனால் ஓலையில் எழுத உட்கார்ந்தால் நகம் பட்டுக் கிழியும். பிச்சாவரத்துக் காட்டிலுள்ள தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்தக் காட்டில் வளர்ந்தவர் என்பதால் அதற்கு மட்டும் இவருக்கு விலக்கு.

இன்னொருவர் பதஞ்சலி, இடுப்புக்குக் கீழே பாம்பு. ஏணி ஏறுவாரா? அரை மணி நேரம் சண்டை. சுற்றிக்கொண்டு ஏறலாம், ஆனால் கையில் ஆயுதம் கூடாது என்று முடித்தோம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2024 பதிப்பில் அந்தக் ‘கூட்டல் இரண்டு’ போன்ற பண்புக் கூடுதலை இனத்திலிருந்து பிரித்து, ஆளின் பின்னணியோடு சேர்த்துவிட்டார்கள். நல்ல வேலை.

ஞாயிறு நைட் ஷிப்ட் இல்லாதவர்கள் வரலாம். பகடை நாங்கள் தருகிறோம், டீ உங்கள் செலவு.