மீட்டர் குடிக்கும் கரண்ட்

கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னை, பலா, பூந்தோட்டம் எல்லாம் போர்த் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மோட்டார் நின்றால் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடுவார்கள். அப்படித் தேடி வரும் ஒரு ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் மோட்டார் பேனல்கள், உள்ளே டிவி, இன்வெர்ட்டர் போர்டுகள். மேஜைமேல் ஒரு முள் மீட்டர், ஒரு டிஜிட்டல் மீட்டர், சீரியஸில் கட்டிய இரண்டு குண்டு பல்புகள்.

“இதுல எதுண்ணே சரியாக் காட்டும்?” என்றேன்.

கடை மெக்கானிக் 12 வோல்ட் சப்ளையில் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைச் சீரியஸில் போட்டார். நடுவில் 6 வோல்ட் வர வேண்டும். டிஜிட்டல் 5.71 காட்டியது. முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தார், முள் 1.7 பக்கத்திலேயே நின்றுவிட்டது.

“ரெண்டும் நல்ல மீட்டர்தான் சார். முள் மீட்டர் கரண்டைக் குடிச்சிரும்.”

அதன் டயலில் பொடி எழுத்தில் வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று போட்டிருந்தது. அந்த ரேஞ்சில் மொத்தம் 2 லட்சம் ஓம்தான். அளக்கப் போன மீட்டரே ரெசிஸ்டருக்குக் குறுக்கு வழியாகிவிடுகிறது. டிஜிட்டலுக்கு உள்ளே ஒரு கோடி ஓம். அதனால் இழப்பு கொஞ்சம்தான்.

டிஜிட்டலே போதுமே என்று தோன்றியது. அப்போதுதான் ஒரு மோட்டார் கேபிள் வந்தது. உள்ளே ஒரு வயர் அறுந்திருந்தது. மற்ற வயர்களுக்கு லைன் கொடுத்து, அறுந்த முனையைத் தொட்டதும் டிஜிட்டலில் 90 வோல்ட்டுக்கு மேல் ஆடியது. கூடவே ஓடும் வயர்கள் தூண்டிய பொய் வோல்ட்டேஜ் அது. பல்பையும் சேர்த்து வைத்தார். பல்பு எரியவில்லை, மீட்டரும் பூஜ்யத்துக்கு இறங்கியது. இங்கே கரண்டைக் குடிப்பதுதான் உண்மையைச் சொல்கிறது. இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் என்பதால் ஒரு பல்பு தாங்காது, அதற்குத்தான் இரண்டு.

முள் மீட்டரும் சும்மா கிடக்கவில்லை. ஏறி இறங்கும் வோல்ட்டேஜில் டிஜிட்டல் எண்கள் தாறுமாறாக ஓடும். முள்ளோ எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

டிஜிட்டல் மீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. சிவப்பு வயரை அதில் செருகிக்கொண்டு 230 வோல்ட்டைத் தொட்டால் நேரே ஷார்ட்தான். வேலை பழகும் பையனுக்காக அந்த ஏற்பாடு.

ஐடிஐ முடித்த அந்தப் பையன் சொந்தமாக மீட்டர் வாங்கக் காசு சேர்க்கிறான். பேனலில் கை வைப்பதானால் கேட் 3 (CAT III), 600 வோல்ட் என்று பாதுகாப்புத் தரம் போட்ட டிஜிட்டல் மீட்டரைத்தான் வாங்க வேண்டும் என்றார். விலையை நினைத்து அவன் தயங்கினான். “பேட்டரியில ஓடுற போர்டு மட்டும் பாக்குறதுன்னா சாதா மீட்டர் போதும்டா. அதை எடுத்துக்கிட்டுப் பேனல் பக்கம் வந்துராத.”