டொக்டர் கேட்காத இரண்டு கேள்விகள்

காய்ச்சல் வந்தால் நாங்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். இரண்டு நாள் பனடோல் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் நாள் பின்னேரம் தனியார் கிளினிக்கில் நம்பர் எடுப்போம். டொக்டர் நாக்கைப் பார்ப்பார், பிறஷர் பார்ப்பார், இரத்தம் சோதிக்க எழுதித் தருவார். ஐந்து நிமிடம். அதற்குள் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிற இரண்டு கேள்விகள் இருக்கு.

முதலாவது: "என்ன வேலை செய்யிறியள்?"

1700இல் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிறவற்றோடு அவரது தொழிலையும் கேளுங்கள் என்று அதில் வைத்தியர்களுக்குச் சொன்னார். முந்நூறு வருசத்துப் புத்திமதி, ஆனால் எங்கட வயல்களுக்கு இன்றைக்கும் பொருந்தும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரோடு தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் இருக்கிற சின்னக் காயத்தால் உடம்புக்குள் போகும். தொடக்கத்தில் டெங்கு மாதிரித்தான் இருக்கும்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. "நேற்றுவரைக்கும் வயலுக்க நிண்டனான்" என்ற ஒரு வசனம் வைத்தியரை வேறு பக்கம் யோசிக்க வைக்கும். வேளைக்குப் பிடித்தால் அன்டிபயோட்டிக்கால் மாற்றலாம். பிந்தினால் சிறுநீரகம், நுரையீரல் என்று போய்விடும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள். அது எலிக்காய்ச்சல் என்று தெரியவரும் மட்டும் ஊரில் இருந்த பயத்தை நாங்கள் மறக்கவில்லை.

இரண்டாவது: "இப்ப எங்க தங்கியிருக்கிறியள்?"

டெங்கு என்று சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிராமல், வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி அந்தப் பகுதி எம்.ஓ.எச். பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். அரச வைத்தியசாலை, தனியார் கிளினிக் இரண்டுக்கும் இது பொது. அதைப் பார்த்துத்தான் பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்து நுளம்பு பெருகும் இடங்களைத் தேடுவார். முட்டை பறக்கிற நுளம்பாக மாற ஒரு கிழமை, பத்து நாள் போதும். படிவம் அவ்வளவு நாள் மேசையில் கிடந்தால் அடுத்த தலைமுறை நுளம்பு வந்துவிடும். 2017இல் இந்தத் தீவில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள்.

எங்களில் ஒருவருக்கு போர்டிங்கில் இருந்தபோது டெங்கு வந்தது. கிளினிக்கில் அடையாள அட்டையைப் பார்த்து ஊர் விலாசத்தை எழுதிக்கொண்டார்கள். ஊரோ வேறு மாவட்டத்தில். போர்டிங்குக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டு கிழமைக்குள் அதே போர்டிங்கில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மருந்தில் ஒரு பிழையும் இல்லை. விலாசம்தான் பிழை.

வைத்தியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஓ.பி.டி. வரிசையைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் பாடு தெரியும். ஆனால் "வைத்தியம் எங்கட வேலை, பொதுச் சுகாதாரம் எம்.ஓ.எச்.சின்ர வேலை" என்ற பிரிப்பு ஆபத்தானது. 1926இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு இது. 1963இல் மலேரியா நோயாளர் 17 பேராகக் குறைந்தார்கள். கண்காணிப்புத் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு பல வருசம் பாடுபட்டு 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் தந்தது. இப்போது அதைக் காப்பாற்றுவதில், காய்ச்சலோடு வருகிறவரிடம் "வெளிநாடு போய் வந்தனீங்களோ?" என்று கேட்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

ஆகவே வேலை செய்கிற வைத்தியர்களுக்கான பயிற்சிகளில் புது மருந்துகளோடு இவையும் இருக்கவேணும்: படிவத்தை உடனே, சரியான விலாசத்தோடு அனுப்புவது, வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையைப் பார்த்துத் தன் பகுதியில் என்ன பரவுகிறது என்று தெரிந்து வைத்திருப்பது, தொழிலையும் பயணத்தையும் கேட்பது.

அதுமட்டும் நாங்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. டொக்டர் கேட்காவிட்டால் நாங்களே சொல்லுவம்: என்ன வேலை, எங்கே தங்கியிருக்கிறம், எந்தத் தண்ணீருக்குள் இறங்கினம். டெங்கு என்றால் வெளிக்கிட முதல் இன்னொன்றும் கேட்கலாம்: "டொக்டர், எம்.ஓ.எச்.சுக்கு அறிவிச்சாச்சோ?"