இரண்டு ஓராண்டு ஒப்பந்தங்கள்

2010ஆம் ஆண்டு ஜூலை 9, வெள்ளிக்கிழமை, காலை மணி ஒன்பது. விரிவுரைக்குப் போயிருக்க வேண்டிய நான், விடுதியின் பொது அறையில் நண்பர்கள் ஐவரோடு ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தேன். அமெரிக்காவில் அப்போது வியாழக்கிழமை இரவு. லெப்ரான் ஜேம்ஸ் எந்த அணிக்குப் போகப் போகிறார் என்பதை அறிவிக்கும் நிகழ்ச்சி அது. விடுதி இணையத்தின் வேகம் உங்களுக்குத் தெரியும்தானே! திரை நிற்கும், ஓடும், மறுபடியும் நிற்கும். அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் ‘மயாமி’ என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது. அறையில் பாதிப் பேர் கத்தினார்கள். மீதிப் பேர் தலையில் கை வைத்தார்கள்.

கூடைப்பந்து மேல் ஒரு தமிழ்ப் பையனுக்கு இவ்வளவு பித்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சீனப்பள்ளி இருந்தது. மாலையில் அதன் திடல் கதவைத் திறந்து விடுவார்கள். காற்பந்துக்குப் பதினொருவர் தேவை. கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். அப்படித் தொற்றிக்கொண்டது. பிறகு ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைப் படிப்பதில் ஆர்வம் அதிகமானது. யாருக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்று மனப்பாடமாகச் சொல்வேன். பாடத்தை அப்படிப் படித்திருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பேன்.

அந்த ஆர்வத்துக்கு ஒரு காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா துறைமுகத்துக்கு அருகில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஓராண்டு ஒப்பந்தம். ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டுக்கான கடிதம் வர வேண்டும். கடிதம் வரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டோம். பொங்கலுக்குத் துணி எடுப்பதை அம்மா தள்ளிக்கொண்டே போவார். ஒரு மாலை அப்பா சாப்பாட்டு மேசையில் உறையை வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். மறுநாள் நாங்கள் துணிக்கடையில் நிற்போம்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் ஒப்பந்தத்தின் நீளம் ஒரு பெரிய வரலாறு. 1981இல் மேஜிக் ஜான்சன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியோடு 25 ஆண்டுகளுக்கு, 25 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். இன்று அப்படிச் செய்ய முடியாது. அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாடுகள் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தன. சொந்த அணியோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு 1999இல் ஏழு ஆண்டு உச்சவரம்பு, 2005இல் ஆறு, 2011இல் ஐந்து. அதற்குள் எத்தனை ஆண்டு என்பதுதான் இன்றைய நட்சத்திரங்களின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நால்வர் ஒரே நேரத்தில் விடை எழுதினார்கள். லெப்ரான் ஜேம்ஸ், கார்மெலோ ஆந்தணி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் ஆகிய நால்வரும் 2003இல் ஒரே தேர்வில் லீக்குக்குள் வந்தவர்கள். 2006இல் நால்வருக்கும் ஒப்பந்த நீட்டிப்பு வந்தது. ஆந்தணி ஐந்தாண்டு முழுவதையும், ஏறக்குறைய 80 மில்லியன் டாலரையும் எடுத்துக்கொண்டார். மற்ற மூவரும் மூன்றாண்டு போதும் என்றார்கள். நான்காம் ஆண்டு வேண்டுமா என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்று எழுதி வாங்கினார்கள். அதனால் 2010இல் அந்த மூவரும் ஒரே கோடையில் விடுதலையானார்கள். மயாமியில் ஒன்று சேர்ந்தார்கள். 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். ஆந்தணி அந்தக் கோடையில் டென்வரிலேயே இருந்தார். 2011 பிப்ரவரியில்தான் நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார்.

இதை வைத்துக்கொண்டு விடுதியில் நான் பெரிய தத்துவமே பேசினேன். “நீண்ட ஒப்பந்தம் பயந்தவனுக்கு, குறுகிய ஒப்பந்தம் திறமைசாலிக்கு” என்பது என் வாதம்.

2014இல் என் வாதத்துக்கு இன்னும் பலம் கிடைத்தது. மயாமியை விட்டுக் கிளீவ்லாந்துக்குத் திரும்பிய லெப்ரான், நான்காண்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதிலும் முதலாண்டு முடிவில் விலகும் உரிமையை வைத்துக்கொண்டார். அதாவது நடைமுறையில் ஓராண்டு. காரணம் எளிது. லீக்கின் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் வரவிருந்தது. அந்த அக்டோபரில் அது அறிவிக்கப்பட்டபோது ஒன்பது ஆண்டுகளுக்கு 24 பில்லியன் டாலர் என்றார்கள். அணிகளின் ஊதிய உச்சவரம்பு 2015-16இல் 70 மில்லியன். அடுத்த பருவத்தில் 94 மில்லியன். நட்சத்திரத்தின் சம்பளம் அந்த வரம்பின் விழுக்காட்டில்தான் கணக்கிடப்படுகிறது. நான்காண்டுக்குக் கட்டுப்பட்டிருந்தால் அவருக்கு ஆண்டு உயர்வு 4.5 விழுக்காட்டைத் தாண்டியிருக்காது. 2016-17இல் சுமார் 22.5 மில்லியன் பெற்றிருப்பார். ஆண்டுதோறும் விலகிப் புதிதாகக் கையெழுத்திட்டதால் அந்தப் பருவத்தில் ஏறக்குறைய 31 மில்லியன் பெற்றார். ‘அடுத்த ஆண்டு இவர் போய்விடக்கூடும்’ என்ற எண்ணமே அணி உரிமையாளரைத் தாராளமாகச் செலவழிக்க வைத்தது. 2016இல் கிளீவ்லாந்து கிண்ணத்தை வென்றது.

அந்த 2014 ஜூலையில் என் கையிலும் இரண்டு கடிதங்கள் இருந்தன. பொறியியல் படிப்பை முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு நிறுவனம் மாதம் 2,800 ரிங்கிட்டோடு பயிற்சியும் தரும். ஐந்தாண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும். இன்னொன்று எண்ணெய், எரிவாயுத் துறையில் ஒரு திட்டம். ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 4,200 ரிங்கிட். அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். லெப்ரான் கதையையும் சொன்னேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, அந்த ஆளுக்கு அடுத்த வருசம் கடிதம் வரலைன்னா என்ன செய்வாரு?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அவருக்கு யாரும் கடிதம் குடுக்க மாட்டாங்கப்பா. இருக்கேன், போறேன்னு அவருதான் சொல்லுவாரு.”

“அப்படின்னா அது வேற ஒப்பந்தம்,” என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் 4,200இல் கையெழுத்திட்டேன்.

எண்ணெய் விலை அப்போது பீப்பாய் ஒன்றுக்கு 100 டாலருக்கு மேல். 2015 ஜனவரியில் அது 50 டாலருக்குக் கீழே விழுந்தது. மார்ச்சில் எங்கள் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு மாத அறிவிப்பு கொடுத்தால் போதும் என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். எனக்கும் அதே உரிமை இருக்கிறதே என்று பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். ஆறு மாதம் வேலை இல்லை. அந்த ஆறு மாதமும் என் கார்க் கடனைக் கட்டியது, நான் இளக்காரமாகப் பார்த்த அந்தக் கிடங்குச் சம்பளம்தான்.

வீட்டில் சும்மா இருந்த நாள்களில் கிறிஸ் பாஷ் பற்றிய செய்திகளைப் படித்தேன். 2014இல் லெப்ரான் குறுகிய ஒப்பந்தத்தைத் தேர்ந்த அதே கோடையில் பாஷ் மயாமியிலேயே தங்கி ஐந்தாண்டுக்கு 118 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தார். 2015 பிப்ரவரியில் அவர் நுரையீரலில் இரத்தக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் அதே சிக்கல். 31 வயதில் அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. ஆனால் என்.பி.ஏ. ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை உத்தரவாதம் உள்ளவை. மீதிச் சம்பளம் அவருக்கு வந்து சேர்ந்தது. ஓராண்டு ஓராண்டாகக் கையெழுத்திட்டிருந்தால்? டிமார்கஸ் கசின்ஸ் இதற்கு விடை. 2018 ஜனவரியில், ஒப்பந்தம் முடியச் சில மாதங்களே இருந்தபோது, அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. நட்சத்திரமாக இருந்தவர், அந்தக் கோடையில் 5.3 மில்லியனுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார்.

இந்த விதியும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. 2019 ஜூனில் கெவின் டுரான்டுக்கும் அதே தசைநார்தான் அறுந்தது. அவரும் குறுகிய ஒப்பந்தங்களை விரும்பியவர். அந்த ஜூலையில் புரூக்ளின் அணி நான்காண்டுக்கு 164 மில்லியன் கொடுத்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. லீக்கில் நான்கைந்து பேருக்கு மட்டும் உடல் முறிந்தாலும் கதவு திறந்திருக்கும். நான் என்னை அந்த நான்கைந்து பேரில் ஒருவனாக நினைத்துக் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது.

நீண்ட ஒப்பந்தம்தான் நல்லது என்று சொல்ல வரவில்லை. நான் மறுத்தது போன்ற ஐந்தாண்டு வேலையை என் நண்பன் ஒருவன் ஏற்றுக்கொண்டான். மூன்றாம் ஆண்டில் அவன் திறமைக்கு வெளியே இரட்டிப்புச் சம்பளம் காத்திருந்தது. விலகினால் 40,000 ரிங்கிட் கட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஸ்டீபன் கரிக்கும் இதுவே நடந்தது. கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட அவர் 2012இல் நான்காண்டுக்கு 44 மில்லியனுக்குச் சம்மதித்தார். 2015, 2016 இரண்டு ஆண்டும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 2016-17இல் தம் அணியிலேயே சம்பளத்தில் நான்காவது இடம். 2017இல்தான் ஐந்தாண்டுக்கு 201 மில்லியன் வந்தது.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, ஓய்வு பெற்றிருந்த அப்பாவோடு ‘தி லாஸ்ட் டான்ஸ்’ என்ற ஆவணத் தொடரைப் பார்த்தேன். சிகாகோ புல்ஸ் அணியின் கதை. அதில் ஸ்காட்டி பிப்பன் வருகிறார். 1991இல் ஐந்தாண்டு நீட்டிப்புக்கு 18 மில்லியன் டாலர் என்று கையெழுத்திட்டு, 1998 வரை கட்டுண்டு கிடந்தவர். 1997-98இல் மைக்கல் ஜோர்டான் ஓராண்டு ஒப்பந்தத்தில் 33 மில்லியன் பெற்றார். பிப்பனுக்கு மூன்று மில்லியன்கூட இல்லை. லீக்கின் சம்பள வரிசையில் 122ஆவது இடம். ‘உலகிலேயே மோசமான கையெழுத்து’ என்று நான் விடுதியில் கேலி செய்தது இவரைத்தான்.

அப்பாவுக்காக நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிப்பன் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி. பள்ளியில் நடந்த விபத்தில் அண்ணன் ஒருவர் சக்கர நாற்காலியில். பிறகு பக்கவாதத்தால் அப்பாவும் சக்கர நாற்காலியில். காயம் பட்டு விழுந்தால் அந்த வீட்டுக்கு யார் சோறு போடுவது என்று நினைத்துத்தான் அவர் உறுதியான பணத்தை எடுத்துக்கொண்டார்.

அப்பா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “சரியாத்தான் செஞ்சிருக்கான்.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, புல்ஸை விட்டுப் போன பிறகு பிப்பனுக்கு ஹியூஸ்டனில் ஐந்தாண்டுக்கு 67 மில்லியன் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். அப்பா தலையாட்டினார். அதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது படிப்பை முடிக்கும் தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் வந்து, “அண்ணே, ஒப்பந்த வேலைக்குப் போகலாமா, நிரந்தர வேலைக்குக் காத்திருக்கலாமா?” என்று கேட்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதை முதலில் பார்க்காதீர்கள் என்கிறேன். இரண்டு வரியைத் தேடுங்கள். முடித்துக்கொள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது ஒரு வரி. நீங்கள் நோயில் விழுந்தாலும் சந்தை விழுந்தாலும் நட்டம் யாருடையது என்பது இன்னொரு வரி. அந்த உரிமை காகிதத்தில் இருவருக்கும் சமமாக எழுதப்பட்டிருந்தாலும், போய்விட்டால் யாருக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லெப்ரான் போனால் ஒரு நகரத்துக்கே வலிக்கும். நான் போனபோது அந்த அலுவலகத்தில் என் நாற்காலியை மறுநாளே வேறு அறைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு உங்கள் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் உங்களைத் தாங்க அங்கே ஆள் இருந்தால் துணிந்து குறுகியதை எடுங்கள். உங்களை நம்பி ஒரு சக்கர நாற்காலி இருந்தால், யார் கேலி செய்தாலும் நீண்டதை எடுங்கள்.

அப்பா 2018 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவருடைய பதினாறு கடிதங்களும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. லெப்ரானின் ஒப்பந்தங்களை மனப்பாடமாகச் சொன்ன நான், அந்தக் கோப்பை அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் முதன்முறையாகத் திறந்து படித்தேன். பதினாறிலும் ஒரே வாசகம். சம்பள எண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தது.