அத்தையின் 27 சதுர அடி!

சிங்கப்பூர் போனால் எங்கெல்லாம் சுற்றுவீர்கள்? மெரினா பே, செந்தோசா, தேக்கா, முஸ்தபா... என் லிஸ்ட்டும் அப்படித்தான் இருந்தது. ஆனால், போய் இறங்கிய மறுநாளே விடியும் முன்பு அத்தை எழுப்பிவிட்டார். "எழுந்திரிடி, என் நிலத்தைப் பார்த்துட்டு வரலாம்!"

நிலமா? சிங்கப்பூரிலா?

லாப்ரடார் பார்க் எம்.ஆர்.டி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஹோர்ட்பார்க் வந்துவிடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே, உயர்த்திக் கட்டிய பாத்திகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். நம் கணக்கில் 27 சதுர அடி. ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான்!

பெரும்பாலானோர் அடுக்குமாடி வீடுகளில் வாழும் ஊர் அது. சாப்பாட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி. அங்கே குடியிருப்புவாசிகள் கூட்டாகத் தோட்டம் போடும் திட்டத்தை தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கியது. தனக்கென்று ஒரு பாத்தி வேண்டும் என்பவர்களுக்குப் பூங்காக்களில் வாடகைப் பாத்திகள் பிறகு வந்தன. அத்தை எடுத்தபோது வாடகை ஆண்டுக்கு 57 வெள்ளி, வரி தனி. போட்டி அதிகம் என்பதால் குலுக்கலில்தான் கிடைக்கும். குத்தகை மூன்று ஆண்டுகள்.

"குலுக்கல்ல என் பேர் வந்த அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை" என்றார் அத்தை.

பாத்தியில் வெண்டை, கத்தரி, புதினா, பசலை. வேலியோரம் சங்குப்பூ. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதெல்லாம் அங்கே செல்லாது. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் எல்லா மாதமும் வெயில், எல்லா மாதமும் மழை. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு மூடியில்கூடத் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கு விஷயத்தில் அந்த ஊர் அவ்வளவு கறார்!

பக்கத்துப் பாத்தி ஒரு சீனப் பாட்டியுடையது. அவருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்குச் சீனம் தெரியாது. கங்குங் கீரை இந்தப் பக்கம் வரும், வெண்டைக்காய் அந்தப் பக்கம் போகும். மூன்று வருடமாக இதுதான் பேச்சு.

"அடுத்த மாசம் குத்தகை முடியுது. காலி பண்ணிக் கொடுக்கணும்" என்றார் அத்தை, களை பிடுங்கிக்கொண்டே.

"கஷ்டமா இல்லையா அத்தை?"

"கையெழுத்துப் போட்டு நிலத்தைக் கொடுக்கிறது எனக்குப் புதுசாடி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

திருவாரூர்ப் பக்கம் தாத்தாவுக்கு ஆறு மா நன்செய். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1994-ல். ஆனாலும் தாத்தா இறந்த பிறகு, 'அண்ணனுக்குத்தானே' என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னாளில் அப்பா மூன்று மாவை விற்றார். என் டிப்ளமோ ஃபீஸும் அதிலிருந்துதான்.

50 வயதுக்கு மேல், வாழ்க்கையில் முதல் முறையாக அத்தை பெயரில் கிடைத்த மண் இந்த 27 சதுர அடி. அதுவும் வாடகைக்கு!

அன்று அவர் ஒரு பை மக்கிய உரம் கொண்டுவந்திருந்தார். "ஒரு மாசம்தானே இருக்கு, இனி எதுக்கு உரம்?" என்றேன்.

"அடுத்து வர்றவங்களுக்கு மண்ணு நல்லா இருக்கணும்ல?"

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். "வெண்டை நல்லா வந்திருக்கே" என்றார். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மீதி மூணு மா இருக்கே... நாளைக்குத் தம்பிக்காக என்கிட்டயும் கையெழுத்து கேப்பீங்களாப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை எழுந்து வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக அத்தைதான் கூப்பிடுவார். அன்று அப்பாவே கூப்பிட்டிருந்தார்.

"வெண்டைக்கு என்ன உரம்மா போட்ட?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.